இரண்டு மாடி ஏறினால் போதும்

இதய வார்டில் நர்ஸ் வேலை என்றால் பாதி கை, பாதி வாய். மாரடைப்பு வந்து பிழைத்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்களை உட்கார வைத்து, ஒரு தாளைப் பார்த்து உப்பு, எண்ணெய், மாத்திரை, நடை என்று வரிசையாகச் சொல்லி அனுப்புவது தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் என் பொறுப்பு. தாளின் கடைசி வரி 'தாம்பத்திய உறவு'. அதை டாக்டர் நைசாக என் தலையில் கட்டிவிட்டார். சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

இதில் இன்னொரு கூத்து. எட்டு மாதம் முன்பு என் கணவருக்கே மாரடைப்பு வந்தது. நல்லபடியாகத் தேறி வேலைக்கும் போகிறார். ஆனால் எங்கள் இரண்டாம் மாடி வீட்டில் அன்றிலிருந்து அவர் ஹாலில், நான் அறையில். வார்டில் நேரிலும், சந்தேகம் கேட்பவர்களுக்கு ராத்திரி வீட்டிலிருந்து போனிலும் ஊருக்கெல்லாம் சொல்லும் கடைசி வரியை அவரிடம் மட்டும் நான் சொல்லவில்லை.

இதர விஷயங்கள்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ரிவ்யூவுக்கு வரும்போது சந்தேகங்களை எண் போட்டு எழுதிக்கொண்டு வந்தார். தேங்காய்ச் சட்னி ஆகுமா என்பதில் தொடங்கி எட்டுக் கேள்வி. ஒன்பதாவதாக 'இதர விஷயங்கள்' என்று மட்டும் இருந்தது. "இதரன்னா என்ன சார்?" என்றேன். மனைவியைக் காபி வாங்கிவர அனுப்பினார். அந்த அம்மாள் தலை மறைந்ததும், சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். கூட நடக்க வரும் நண்பர் 'தெம்புக்கு' என்று கொடுத்ததாம்.

அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தேன். படுக்கையறைத் தெம்புக்கான மாத்திரை. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறது. அதுவும் இதுவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று விழுந்து உயிருக்கே ஆபத்து. ஆசைப்படுவதில் தப்பே இல்லை, டாக்டரைக் கேட்காமல் விழுங்குவதுதான் தப்பு என்று சொல்லி அட்டையை வாங்கி டிராயரில் போட்டேன். அவர் டிராயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷம் பசங்ககிட்டேருந்து பறிமுதல் பண்ணினவன் சிஸ்டர், இன்னிக்கு என்கிட்டேருந்தே பறிமுதலா?"

மாடி இல்லாத ஊர்

ராஜேந்திரன் நீடாமங்கலம் பக்கத்து விவசாயி. நாற்றுப் பறிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே சாய்ந்தவர். கூட நின்ற மனைவி செல்விதான் ஆள் கூப்பிட்டுத் தூக்கிவந்தார். டிஸ்சார்ஜ் அன்று சொந்தக்காரர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு இருவருக்கும் கடைசி வரியைச் சொன்னேன். சில வாரம் கழித்து டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும். சாதாரண வேகத்தில் இரண்டு மாடி ஏறினால் மூச்சு முட்டக்கூடாது, நெஞ்சு வலிக்கக்கூடாது. அவ்வளவுதான், பயப்பட வேண்டாம். என் வீட்டுக்காரருக்கும் வந்ததுதான், தைரியமாக இருங்கள் என்று சேர்த்துச் சொல்லிவைத்தேன். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

அடுத்த முறை வந்தபோது, மாடி ஏறினீர்களா என்றேன். அவர்களுடையது ஓட்டு வீடு. தெருவிலும் மாடி கிடையாது. அப்படியே இருந்தாலும் என்ன காரணம் சொல்லி அடுத்த வீட்டு மாடியில் ஏறுவது? அதனால் ராஜேந்திரன் தினமும் காலையில் நீடாமங்கலம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் பிளாட்பாரப் பாலத்தில் ஏறி இறங்கியிருக்கிறார். கீழே தண்ணீர் பாட்டிலோடு செல்வி காவல். எங்கே பயணம் என்று கேட்காத ஆள் இல்லை. செல்வி தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "மன்னார்குடி வண்டிக்குன்னு சொல்லிச் சொல்லி, எங்க பையனுக்கு மன்னார்குடியில பொண்ணு பாக்குறோம்னே டீக்கடைக்காரரு முடிவு பண்ணிட்டாரு சிஸ்டர்."

செல்வி கேட்ட கேள்வி

அன்றைக்கே, கணவர் ஈ.சி.ஜி. எடுக்கப் போயிருந்த நேரத்தில், செல்வி நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டார். டாக்டர் சரி சொல்லிவிட்டார், பாலமும் ஏறியாயிற்று. ஆனால் ராஜேந்திரன் கை மேலே பட்டாலே செல்வி பதறிப்போய் அவர் நெஞ்சில் காதை வைத்துத் துடிப்பைக் கேட்கிறாராம். அவரும் கையை எடுத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுகிறாராம். "எனக்குப் பயம் சிஸ்டர். அவரு, தான் இனிமே எதுக்கும் ஒதவாத ஆளுன்னு நெனைச்சுக்கறாரு" என்றபோது செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது.

நான் பாடம் ஒப்பித்தேன். பயத்தை அவரிடமே சொல்லிவிடுங்கள். முதலில் பக்கத்தில் உட்காருங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுவே போதும். வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் வேண்டாம். நெஞ்சு வலித்தால் நிறுத்திவிட்டு மாத்திரை, அப்படியும் விடாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. செல்வி ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டார். பிறகு, வெகு சாதாரணமாக: "நீங்களும் உங்க வீட்டுக்காரர்கிட்ட பயமா இருக்குன்னு சொன்னீங்களா சிஸ்டர்?"

எங்கள் வீட்டு மாடி

ஃபைலைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். சாயங்காலம் வீட்டில் இருந்தபோது என் கணவர் காய்கறிப் பையோடு மேலே ஏறி வந்தார். எட்டு மாதப் பழக்கத்தில் பையைப் பிடுங்க ஓடினேன். கிட்டே போனதும் என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது. "எனக்குப் பயமா இருக்குங்க. அதான் தள்ளியே இருந்துட்டேன். வேற ஒண்ணுமில்லீங்க." அதற்குமேல் அழுகைதான். எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாராம்.

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கவில்லை. வழக்கம்போல அதைத்தான் முதலில் கவனித்தேன். "நீ போன்ல ஊருக்கெல்லாம் சொல்றது ஹால்ல படுத்திருக்கிற எனக்குக் கேக்காதா? தெனம் ரெண்டு மாடி ஏறித்தானேம்மா நான் வீட்டுக்கே வர்றேன்!"

அடுத்த ரிவ்யூ

எங்கள் ஹால் கட்டிலில் இப்போது துவைத்த துணிதான் கிடக்கிறது. ராஜேந்திரன் பாலம் ஏறுவதை நிறுத்தவில்லை. செல்வியும் கூடவே ஏறுகிறாராம். கிளம்பும்போது என் காதருகே வந்து சொன்னார்: "காதை வச்சுக் கேக்கறதை விட்டுட்டேன் சிஸ்டர், இப்ப சும்மா தலையத்தான் வச்சுப் படுத்துக்கறேன்."

இப்போதெல்லாம் தாளின் கடைசி வரியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் உப்பைப் பற்றி நான் சொல்வதுதான் யார் காதிலும் ஏறுவதில்லை.