நான் திறந்து பார்க்காத பை

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள், ஒருத்தி என் தங்கை விட்டுவிட்டுப் போன பெண். ஐந்து பேரும் படித்து வேலைக்குப் போய் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். நான் ஆம்பூரில் இருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதற்கு மேல் எழுத வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகளுடைய பெண் எழுதுகிறாள். வேலூரில் நர்சிங் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருக்கிறாள்.

படிப்பில்லாதவள் என்று என்னை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். இருபத்திரண்டு வருஷம் ஒரு ஷூ கம்பெனி கேட்டில் செக்கிங்கில் நின்றேன். சாயங்காலம் சங்கு ஊதினால் தையல் பகுதிப் பெண்கள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொருத்தியின் பையையும் திறக்கச் சொல்வேன். சாப்பாட்டு டப்பாவையும் திறக்கச் சொல்வேன். தோல் துண்டு, நூல்கண்டு, கத்தரி, எதை எங்கே ஒளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். முதலில் பையைப் பார்க்க மாட்டேன், முகத்தைப் பார்ப்பேன். என் கையைத் தாண்டி ஒரு நூல்கண்டு வெளியே போனதில்லை. இதை இன்றைக்கும் யாரிடமும் சொல்வேன்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தொழிலாளிப் பையைத்தான் திறக்க வேண்டும். ஆபீசர் பையில் கை வைக்கக் கூடாது. முதலாளி கார் வந்தால் கேட்டின் குறுக்குக் கட்டையைத் தூக்கிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். நானும் அப்படித்தான் நின்றேன். அதில் யோசிக்க ஏதாவது இருப்பதாக அப்போது தெரியவில்லை.

நான் வேலையை விட்டு நின்ற பிறகு, என் கடைசி மகன் தோல் படிப்பு படித்துவிட்டு சீனாவில் தோல் பதனிடுகிற ஒரு டேனரிக்குப் போனான். அவனுடைய அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். வீட்டில் நான் ஒருத்தி. அம்மா முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று முதல் லீவில் வந்தபோது ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தான். மேலே கேமரா, பக்கத்தில் மைக். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போய் வந்ததும் அவன் கூப்பிடுவான். முதல் தடவை அவன் முகம் அதில் வந்தபோது, அவன் பேசியது ஒன்றும் என் காதில் ஏறவில்லை. இளைத்திருக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முன் அதை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லிக் கொடுத்தான். மூலையில் ஒரு கேடயம் மாதிரிப் படம் இருக்கும். பச்சையாக இருந்தால் சரி, சிவப்பானால் ஆபத்து. வாரத்துக்கு ஒரு தடவை நெட் போட்டு, அந்தப் படத்தை அமுக்கி, கோடு முழுசாக ஓடி முடிகிற வரைக்கும் விட வேண்டும். உங்களுக்குப் பரிசு விழுந்தது என்று தானாக ஏதாவது வந்தால் பெருக்கல் குறியை அமுக்கி மூட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், அடுத்தவர்களுடைய சிடியோ பென் டிரைவோ உள்ளே போகக் கூடாது.

"எதுக்குடா இவ்ளோ பயம்?" என்று கேட்டேன்.

"வைரஸ் வந்தா உள்ள இருக்கறத அழிச்சிடும்மா. இன்னொன்னு இருக்குது, ஸ்பைவேர்னு. அது எதையும் அழிக்காது. சும்மா உள்ள உக்காந்துக்கினு நாம பண்றதெல்லாம் பாத்து வெளிய எவனுக்கோ அனுப்பிக்கினே இருக்கும்."

"அப்போ உள்ளயே வேலை செய்றவன் டப்பாவுல வெச்சி எடுத்துக்கினு போற மாதிரி."

அவன் சிரித்தான். "கரெக்டும்மா. உன்ன மாதிரி ஆள்தான் இதுக்கு வேணும்."

அந்த வார்த்தை எனக்குப் போதும். அன்றிலிருந்து நான் மறுபடி வேலையில் சேர்ந்துவிட்டேன். ஒரு ஞாயிறு தவறாமல் அந்தக் கோட்டை ஓடவிட்டேன். அது ஓடுகிற நேரம் எழுந்து போக மாட்டேன், ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். தெருவில் யார் வந்து கேட்டாலும் கொடுக்கவில்லை. பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தார்கள், கல்யாண சிடி போட்டுப் பார்க்க வந்தார்கள். எல்லோருக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். கொஞ்ச நாளில் அவர்கள் கேட்பதை நிறுத்தினார்கள். பிறகு வருவதையும் நிறுத்தினார்கள்.

வந்துகொண்டிருந்தது ஒருத்தி மட்டும்தான். பக்கத்து வீட்டு பாபி. உருதுவில் அண்ணி என்று அர்த்தம், தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். ஒரே சுவர் எங்கள் இரண்டு வீட்டுக்கும். என்னைவிடப் பத்து வயது சின்னவள், கணவர் இல்லை, ஒரே பெண், அந்தப் பெண் காலேஜில் படித்தாள். ஞாயிறு தோறும் என் மகன் வருகிற நேரத்துக்கு பாபியும் வந்துவிடுவாள். திரையில் அவன் முகம் வந்த உடனே முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வாள், ஆள் நேரில் வாசல் படி ஏறி வந்த மாதிரி.

"பேட்டா, இன்னா சாப்ட்ட?"

"நூடுல்ஸ் பாபி."

"தினம் அதேவா? அக்கா, உங்க புள்ளைக்கு அந்த ஊர்ல அரிசி கம்மி போலருக்கு."

அவன் போன பிறகும் பாபி உட்கார்ந்திருப்பாள். நெட்டுக்கும் டெலிபோனுக்கும் ஒரே ஒயர் என்பதால் நான் போய் ஒயரைப் பிடுங்கி டெலிபோனில் சொருகுவேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டு ஏதாவது பேசுவாள். பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. ஆனால் வாரத்தில் என் வீட்டில் வேறொரு மனுஷக் குரல் கேட்பது அப்போதுதான்.

பிறகு என் மகனுக்குக் கல்யாணம் ஆகி, அங்கேயே குழந்தை பிறந்தது. அடுத்த லீவில் அவன் மட்டும் வந்தான். குழந்தைப் படங்கள் எல்லாம் ஒரு பென் டிரைவில் கொண்டுவந்தான். அதைக் கம்ப்யூட்டரில் சொருகினான். படம் ஏற நேரமானது.

"இந்த ஆன்டி வைரஸ் ஸ்லோ பண்ணுதும்மா. கொஞ்ச நேரம் நிறுத்தி வெக்கறேன்" என்றான்.

மூலையில் கேடயம் சிவப்பானது. நான் பக்கத்தில்தான் நின்றேன். பார்த்தேன். வாங்கி வைத்தவன் அவன், சொல்லிக் கொடுத்தவன் அவன். நான் என்ன சொல்ல? படம் ஏறி முடிந்ததும் பச்சையாக்கிவிட்டான். பத்து நாள் இருந்துவிட்டுப் போனான்.

அவன் போனதிலிருந்து கம்ப்யூட்டர் மெதுவாக ஓடியது. கவனிக்காமல் இல்லை. பழசாகிவிட்டது போல என்று இருந்துவிட்டேன். தினமும் ஒரு தடவை அதைத் திறந்து குழந்தை படத்தைப் பார்ப்பேன். அறுபது எழுபது படம் இருக்கும். துண்டில் சுற்றினது, குளிப்பாட்டினது, கொட்டாவி விட்டது. கையில் தூக்காத குழந்தையை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த மாதக் கடைசியில் கண் பார்க்க வேலூருக்குப் போனேன். இரண்டு நாள் மகள் வீட்டில் தங்க வேண்டியிருந்தது. வீட்டின் இன்னொரு சாவி எப்போதும் பாபியிடம் இருக்கும், வழக்கம்போல அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன். பால் பாக்கெட்டை எடுத்து வைப்பாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். படம் ஒன்றையும் காணோம். குழந்தை படம் இருந்த இடத்தில் ஏதோ தெரியாத எழுத்து. எதை அமுக்கினாலும் ஒரே ஜன்னல் மேலே மேலே வந்துகொண்டிருந்தது.

பைபாஸ் ரோட்டில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர் வந்து பார்த்தார். "யாரோ பென் டிரைவ் போட்டிருக்காங்கம்மா. அது வழியா வைரஸ் வந்துடுச்சி. எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசாத்தான் போடணும்" என்றார்.

"படம்?"

"வராதும்மா."

யாரோ என்று அவர் சொன்னார். எனக்கு யாரோ இல்லை. சாவி யாரிடம் இருந்தது? அந்த வீட்டில் பென் டிரைவ் வைத்திருப்பது யார்? இரண்டு மாதத்துக்கு முன்பு காலேஜ் ப்ராஜெக்ட் அடிக்க வேண்டும் என்று கேட்டு, நான் மாட்டேன் என்று சொல்லி அனுப்பியது யாரை? கேட்டில் நின்றபோது எனக்கு இவ்வளவு தெளிவாக ஒரு கணக்கும் வந்ததில்லை.

சாயங்காலம் பாபியின் பெண் காலேஜிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகிற நேரம். நான் தெருவில் போய் நின்றேன். கம்பெனி விட்டு வருகிற ஜனம் முழுக்க அந்த வழியாகத்தான் போகும்.

"நில்லும்மா. பையத் தொற."

"எதுக்கு பெரியம்மா?"

"தொறன்னு சொல்றேன்."

அவள் பையைத் திறந்தாள். நோட்டு, தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா. உள் ஜிப்பில் ஒரு பென் டிரைவ் இருந்தது. கயிற்றில் சின்னப் பூனைப் பொம்மை கட்டித் தொங்கியது. நான் அதை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினேன்.

"இது இன்னா?"

"எல்லார்கிட்டயும் இருக்குது பெரியம்மா. நான் உங்க வீட்டுக்குள்ளயே வர்ல."

"இருபத்திரெண்டு வருசம் பாத்தவடி நான். என்கிட்டயே சொல்றியா?"

பாபி வெளியே வந்தாள். தன் பெண்ணின் கையில் திறந்து கிடந்த பையைப் பார்த்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். உள்ளே போய் என் வீட்டுச் சாவியை எடுத்து வந்து நீட்டினாள்.

"சாவி குடுத்தது நீங்கதான் அக்கா. இந்தாங்க."

பெண்ணைத் தோளில் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த ஞாயிறு பாபி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து, புதிதாக ஒரு கேடயமும் போட்டுத் தந்திருந்தார் கடைக்காரர். மகன் திரையில் வந்தான்.

"எங்கம்மா பாபிய காணோம்?"

"வேலையா இருக்காங்கடா."

ஒரு வருஷம் இதையே சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்கும், குக்கர் விசில் கேட்கும், பெண் பாடம் சொல்வது கேட்கும். நான் நடமாடுவதும் அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

அடுத்த வருஷ லீவுக்கு மகன் வந்தான். அழிந்துபோன படங்களை மறுபடி ஏற்றித் தருகிறேன் என்று அதே பென் டிரைவை எடுத்துச் சொருகினான். சொருகினானோ இல்லையோ, திரை நடுவில் பெரிய சிவப்புக் கட்டம் வந்து நின்றது. கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அவன் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அட, இது இன்னும் இதுலயே இருக்குதா. எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒட்டிக்கினது. போன வருசமும் இதுலேர்ந்துதாம்மா வந்திருக்கும்."

"போன வருசம் படம் போனது?"

"ஆமா. நான்தான் அன்னிக்கி ஆன்டி வைரஸ நிறுத்தி வெச்சேன் இல்ல. ஏம்மா, இன்னா ஆச்சு? உக்காரு."

நான் உட்கார்ந்தேன். அவன் மேல் கோபம் இல்லை. சிவப்பாக இருந்ததை நான் பார்த்திருந்தேன். அவன் பையை மட்டும் நான் திறக்கவில்லை.

அன்றைக்கே பத்தடி நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டில் எங்கள் சூப்பர்வைசர் ஒரு விஷயம் சொல்லி வைத்திருந்தார். தப்பாக ஒருத்தியைப் பிடித்துவிட்டாலும் மன்னிப்புக் கேட்காதே, கேட்டால் மறுநாள் எவளும் உனக்குப் பையைத் திறக்க மாட்டாள் என்பார். இரண்டொரு தடவை அப்படி நடந்தும் இருக்கிறது. "போ போ" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெண்கள் மறுநாளும் என் முன்னால் வந்து பையைத் திறந்தார்கள், திறக்காமல் வேலைக்கு வர முடியாது என்பதால். பாபிக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. நாளைக்குப் போகலாம், ரம்ஜான் வரட்டும், கிறிஸ்மஸ் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

நான் தள்ளிக்கொண்டிருந்தபோதே அந்தப் பெண்ணுக்கு மேல்விஷாரத்தில் சம்பந்தம் முடிந்தது. தனியாக இருக்க வேண்டாம் என்று பாபியையும் அங்கேயே அழைத்துக்கொண்டார்கள். சாமான் ஏற்றிய வண்டி தெருவில் நின்றது. பாபி என் வாசலுக்கு வந்து, படி ஏறாமல் கீழே நின்று கூப்பிட்டாள்.

"அக்கா, நாங்க கெளம்பறோம்."

நான் கம்ப்யூட்டர் அறையில் இருந்தேன். எழுந்து போனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"சரி, பாத்து போங்க" என்று உள்ளேயிருந்தே சொன்னேன்.

கொஞ்ச நேரம் நின்றாள் போலிருக்கிறது. பிறகு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. இப்போது அந்த வீட்டை ஒரு ஷூ கம்பெனி குடோனாக வைத்திருக்கிறது. அட்டைப் பெட்டிகள் இருக்கின்றன. பெட்டிகள் இருமுவதில்லை.

பாபியின் நம்பர் இருக்கிறது, போனில் சொல்லிவிடலாமே ஆயா என்கிறாள் பேத்தி. போனில் சொன்னால் அவள் ஒருத்தி காதில் மட்டும் விழும். நான் அந்தப் பெண்ணைப் பேசியது தெருவில். கம்பெனி விட்டு வந்த ஜனம் அத்தனையும் நின்று பார்த்தது. அவள் மேல் தப்பில்லை என்பதும் நாலு பேர் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதனால்தான் சொல்லி எழுத வைத்தேன். வருகிற வாரம் பேத்தியோடு இதை எடுத்துக்கொண்டு மேல்விஷாரத்துக்கு பஸ் ஏறப் போகிறேன். அவர்கள் வாசலில் என்னை உட்காரச் சொல்வார்களா என்பது தெரியாது. சொல்லாவிட்டாலும் நின்றுகொண்டே பேத்தியைப் படிக்கச் சொல்லி, அவர்கள் கேட்ட பிறகுதான் வருவேன்.

எழுதினது போதும். பேனாவைக் கீழே வை. முதலிலிருந்து ஒரு தடவை படி, அவசரப்படாமல் படி. அந்தப் பெண் இதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் கேட்கிறேன். நான் எனக்காகப் பரிந்து பேசுகிற இடம் ஏதாவது வந்தால் கையைத் தூக்குவேன், அங்கே நிறுத்து. ம், படி.