மண் அடுப்பு போட்ட காம்பரா

பெல்மதுளையில் பஸ்ஸுக்காக நின்றபோது, பக்கத்து மாணிக்கக் குழியிலிருந்து அள்ளிப்போட்ட களிமண்ணின் ஈர வாசனை வந்தது. வரக்காப்பொலைக்கு மேலே நாங்கள் கடைசியாகக் குடியேறிய ரப்பர் தோட்டத்து வரிசைவீட்டு லயம் நினைவில் எழுந்தது. அங்கே இப்போது எண்ணெய்ப்பனையான முள்ளுத்தேங்காய் நட்டிருக்கிறார்கள்.

அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். வேலை முடிந்தால் வேறு தோட்டம், வேறு லயம், இன்னொரு இருட்டு ஒற்றையறைக் காம்பரா. நிலைக்கும் இடத்தில்தான் மண் அடுப்பு போடுவது எங்கள் வழக்கம் என்பதால், போன இடமெல்லாம் அம்மா மூன்று கல் வைத்தே சமைத்தாள். தங்கை எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரோடும் சேரமாட்டாள். கேட்டால், "பழகுறதுக்குள்ள போயிருவோமே" என்பாள்.

அந்தக் கடைசி லயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா புற்றுமண்ணையும் சாணத்தையும் குழைத்து அடுப்பு போட்டாள். அடுத்த காம்பரா அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, இந்தத் தடவ அடுப்பையும் தூக்கிக்கிட்டு ஓடப் போறியா?"

"இல்லக்கா, அவருக்கு இங்க நிரந்தரமா பேரு பதிஞ்சாச்சு. இனி ஓட்டமில்ல."

தங்கை ஈர அடுப்பை ஒரு விரலால் தொட்டாள்.

"இது காயிற வரைக்கும் இருப்போமாம்மா?"

"காஞ்சு, வெடிச்சு, திரும்ப மெழுகுற வரைக்கும் இருப்போம்டி."

அடுப்பு காயும்வரை தங்கை தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத் தொட்டுப் பார்த்தாள். அம்மா அதில் முதல்முறை சோறு பொங்கிய மறுநாள், தங்கை தன்னோடு படிக்கும் ஒரு சிறுமியைக் கைபிடித்துக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினாள்.

"வா, இதுதான் எங்க வீடு."