கூடுதலாக ஒரு கணு

சித்தப்பாவின் கட்டைவிரலில் ஒரு கணு கூடுதல். கையை விரித்தால் ஐந்து விரல்களும் ஒரே வரிசையில் நிற்கும். எது கட்டைவிரல் என்று தேட வேண்டும். பேனா பிடிக்கக்கூடச் சிரமப்படும் அந்தக் கையை எங்கள் வீட்டில் ராசி என்றார்கள். திருநள்ளாறுப் பக்கம் பங்காளிகள் வயலில் முதல் பிடி விதையை அவர்தான் தெளிப்பார். என் விரல்கள் ஊரார் விரல்கள் போலவே இருந்ததால், பந்தியில் எல்லோர் முன்னாலும், “இவன் எந்த வீட்டுப் புள்ளடா?” என்பார். ஆகவே நான் படித்தேன். சுகாதாரத் துறை அலுவலகத்தில், எந்த நோயாளியை யார் வழியாக எங்கே அனுப்புவது என்பதையே உத்தியோகமாகப் பார்த்து ஓய்வும் பெற்றேன்.

அவருடைய பேத்தி அதே விரல்களோடு பிறந்தபோது வீடு கொண்டாடியது. பால் குடிக்கையில் குழந்தைக்கு வியர்ப்பதையும் மூச்சு வாங்குவதையும் அதன் தாய் மட்டும் கவனித்தாள். என்னிடம் வந்து சொன்னாள். காரைக்காலிலேயே ஒரு குழந்தை மருத்துவரிடம் அழைத்துப்போனேன். சித்தப்பாவும் கூட வந்தார். அந்த இளம் பெண் மருத்துவர் குழந்தையின் நெஞ்சைச் சோதித்துவிட்டு, கையைப் பிரித்துப் பார்த்தார்.

“வீட்ல வேற யாருக்காவது விரல் இப்படி இருக்கா?”

சித்தப்பா பரிசு வாங்குபவர் போல இரண்டு கைகளையும் நீட்டினார். “எனக்கு, எங்க அப்பாருக்கு, தம்பிக்கு.”

“அவங்க ரெண்டு பேரும் எங்க?”

“சின்ன வயசுலயே திடீர்னு போயிட்டாங்க.”

கருவில் கையும் இதயமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உருவாகின்றன, பரம்பரையாக வரும் ஒரே கோளாறு இரண்டையும் பாதிக்கலாம் என்று மருத்துவர் விளக்கினார். புதுச்சேரிக்குப் போய் இதயத்தை ஸ்கேன் செய்யச் சொன்னார்.

வெளியே வந்ததும் சித்தப்பா வெடித்தார். “குலத்தோட அடையாளத்தப் போயி நோவுங்குது அந்தப் பொண்ணு. எங்கயும் போவ வேணாம்.”

சித்தப்பாவின் மகன் வெளிநாட்டில், வீட்டில் இவர் வைத்ததுதான் சட்டம். மருமகள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். “அடையாளம் இருக்கட்டும் மாமா. அத வச்சுக்க ஆளு இருக்கணும்ல?”

இவ்வளவு சுருக்கமான பரிந்துரையை என் உத்தியோக காலத்தில் எந்தக் கோப்பிலும் நான் கண்டதில்லை. மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே சித்தப்பா காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தமிழ்நாடு கிடக்கிறது. அதைக் கடக்கும்வரை அவர் தன் கைகளை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஸ்கேன் அறையில் குழந்தை வீறிட்டது. “மொதல்ல என்னப் பாருங்க. புள்ள பாத்து பயம் தெளியட்டும்” என்று சித்தப்பா சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார். இருவருக்கும் இதயத்தின் உட்சுவரில் ஓட்டை இருந்தது. அவருக்கு இந்த வயதில் மாத்திரைதான் என்றார்கள். குழந்தைக்கு மூடிவிடலாம். மூடினார்கள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது என்று சொன்ன மருத்துவர் திரும்பி நடப்பதற்குள் சித்தப்பா போனை எடுத்துவிட்டார். வாய்க்கால் தகராறில் பல வருஷம் முகம் பார்க்காத பங்காளிக்குத்தான் முதல் அழைப்பு. “டேய், சண்டய அப்பறம் போட்டுக்கலாம். ஒம் பேரனுக்கு நம்ம கைதானே? நெஞ்சப் பாத்துடு. எங்க போவணும்னு அண்ணன் மவன் சொல்லுவான். அவன் நம்ம வீட்டுப் புள்ளதான்.”

சித்தப்பா இப்போது இல்லை. அவர் கூப்பிட்டவர்கள் கைக்குழந்தைகளோடு இன்னும் என் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.