டோமினிக்கின் முழம்

கடையில் ஒருவருக்காக வார்னிஷ் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். மேசை மேலிருந்த கைபேசி சிணுங்கியது, நிற்காமல் சிணுங்கிக்கொண்டே இருந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கிவிட்டது என்று எடுத்துப் பார்க்காமலே தெரிந்தது.

"பாய்மரம் பதினஞ்சு அடி. அதுக்கு மேல ஒரு இஞ்சு கெடையாது." தோகாவிலிருந்து சகாயம்.

"பதினெட்டு. நீ அதுல கஞ்சிக்கலயத்தக் கெட்டிப்பிடிச்சிட்டு இருந்தவன், உனக்கு மரத்தப் பத்தி என்னலே தெரியும்?" கொல்லம் துறைமுகத்திலிருந்து அந்தோணி.

இருவருக்கும் ஐம்பது தாண்டியாயிற்று. ஒருவனுக்குச் சர்க்கரை, இன்னொருவனுக்கு மூட்டுவலி. சண்டையென்று வந்துவிட்டால் இரண்டும் பறந்துவிடும்.

சண்டை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்களைக் கிறுக்கர்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். சொன்ன பிறகும் நினைக்கலாம், அது உங்கள் இஷ்டம். கடியப்பட்டணத்தில் எங்கள் சேக்காளி டோமினிக்கிடம் ஒரு சின்னப் பாய் வள்ளம் இருந்தது. அவன், சகாயம், அந்தோணி, நான் நாலு பேரும் சேர்ந்து அதில்தான் தொழிலுக்குப் போனோம். ஊரில் எல்லோரும் எஞ்சினுக்கு மாறிய பிறகும் அவன் பாயை விடவில்லை. ஒரு ஆடி மாதம் தனியாகப் போனான். அவனும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை.

உடல் கிடைக்காதவனுக்குக் கல்லறை இல்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி கொளுத்தும்போது, அவன் மனைவி மேர்சி மட்டும் கடற்கரை மணலில் ஒரு திரியைக் குத்தி வைப்பாள். காற்று அணைக்கும். மறுபடி கொளுத்துவாள். இத்தனை வருஷம் அப்படிச் செய்தவள், இந்த வருஷம் எங்கள் மூன்று பேரிடமும் ஒன்று கேட்டாள். கடற்கரையில் வள்ளத்தின் உருவத்தில் சிமெண்டில் ஒரு குருசடி, திரி கொளுத்திக் கும்பிட ஒரு சின்னக் கோயில்.

"அவருக்க வள்ளம் போலயே இருக்கணும் அண்ணே. ஏதோ ஒரு வள்ளம் எனக்கு வேண்டாம்."

அதற்காகத்தான் குழு ஆரம்பித்தோம். திருநாளுக்குள் முடிய வேண்டும். அடித்தளம் போட்டாயிற்று, வள்ளத்தின் உடம்பையும் மூவரும் ஒருவழியாக ஒத்துக்கொண்டு கட்டியாயிற்று. பாய்மரத்துக்குக் கம்பி வெட்டும் இடத்தில் வந்து நின்றுவிட்டது. கொத்தனார் தினமும் எனக்கு போன் செய்கிறார். பார்த்துச் சொல்ல ஒரு போட்டோகூடக் கிடையாது. கல்யாணத்துக்கே ஒன்றிரண்டு படம் எடுத்த காலம், வள்ளத்தை யார் எடுத்தார்கள்?

நான் அஞ்சுகிராமத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் கடற்கரைக்காரன். துடுப்பு வலித்த கையால் ஆணியை எடை போட்டு விற்கிறேன் என்று ஊரில் கேலி பண்ணுவார்கள். குழுவில் எல்லாவற்றையும் வாசிப்பேன், ஒன்றும் எழுதமாட்டேன். கோபம் வராது, சிரிப்பும் வராது. டோமினிக் என்ற பேரைப் பார்த்தால்கூட உள்ளே ஒன்றும் அசைவதில்லை. மரத்துப்போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

வார்னிஷ் மணம் மட்டும் என்னவோ செய்கிறது. வள்ளத்துக்கு நாங்கள் பூசியது மீன் நெய், அந்த நாற்றத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை. ஆனாலும் டப்பாவைத் திறந்தால் அந்த மத்தியானங்கள்தான் வந்து நிற்கும். நாங்கள் மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பூச, அவன் அந்தக் கையோடே பொரிகடலை தின்பான். பாய் இற்றுப்போகாமலிருக்க, பனிச்சங்காய் இடித்த துவர்த் தண்ணீரில் அதை ஊறவைத்துக் காயப்போடுவோம். துருப்பிடித்த தகரத்தின் நிறத்துக்கு வந்துவிடும். தூரத்தில் அந்த நிறத்தைக் கண்டே கரையில் மேர்சி அடுப்பு பற்ற வைப்பாள்.

பாய்மரத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் வள்ளம் யாருடையதோ அவன் முழம்தான் அளவு. ஆசாரி தன் கோலைக் கீழே வைத்துவிடுவார். வள்ளக்காரன் மரத்தில் முழங்கையை ஊன்றி, நடுவிரல் நுனி தொடும் இடத்தில் கரிக்கோடு போட்டு, மறுபடி ஊன்றி, அப்படியே மேலே போவான். டோமினிக் அளந்தது பத்து முழம். இதில் சகாயத்துக்கும் அந்தோணிக்கும் சண்டையே இல்லை. பத்து முழம் எத்தனை அடி என்பதில்தான் சண்டை. ஒருவன் தன் கையால் கணக்குப் போட்டான், மற்றவன் குத்துமதிப்பாகப் போட்டான். டோமினிக்கின் கையோ ஊரில் யாருக்கும் இல்லாத நீளக் கை.

அந்தக் கையை நாங்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டோம். திருவிழாவுக்குப் பூ வாங்க அவனைத்தான் அனுப்புவோம். "நீங்க அளக்காண்டாம் அக்கா, நானே அளக்கேன்" என்று கையை நீட்டுவான். பூக்காரி கூடையை மடியில் இழுத்துக்கொள்வாள்.

"ஏலே, உனக்க கைய வீட்டுல வச்சிட்டு வா மக்கா. அப்பறம் பூ தாறேன்."

அவன் தோற்றுப்போய்த் திரும்பியதாக எனக்கு ஓர்மையில்லை.

சண்டை அந்தோணியின் அப்பனை இழுத்துத் திட்டுவது வரைக்கும் போய்விட்ட ஒரு காலையில், அதுவரை குழுவில் வாய் திறக்காத மேர்சி குரல்பதிவு ஒன்று போட்டாள். கடையில் நின்றபடியே கேட்டேன்.

"அண்ணம்மாரே, சண்ட போடாண்டாம். அடுக்களச் சொவருல அவரு அடிச்சுத் தந்த தட்டு இப்பவும் இருக்கு. மூணு முழம்னு அவருக்க கையால அளந்து அறுத்த பலகை. இப்ப டேப்பு வச்சுப் பாத்தேன். அஞ்சடி மூணு இஞ்சு. இனி கணக்கு நீங்களே போடுங்க."

முழம் இருபத்தோரு அங்குலம். பத்து முழம் பதினேழரை அடி. சகாயமும் தப்பு, அந்தோணியும் தப்பு.

கடையில் விற்கிற டேப் ஒன்றை எடுத்து இருபத்தோரு அங்குலம் இழுத்து மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் என் முழங்கையை ஊன்றிக் கையை நீட்டினேன். என் விரல் நுனிக்கு அப்பாலும் டேப் போய்க்கொண்டிருந்தது. அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. யாரோ அரைக்கிலோ இரண்டு இஞ்சு ஆணி கேட்டார்கள். டேப்பைச் சுருட்டிவிட்டு எடை போட்டுக் கொடுத்தேன்.

குழுவில் சகாயம், வாழ்க்கையில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத சகாயம், "அப்போ சரி" என்று எழுதினான். அந்தோணி ஒரு கட்டைவிரல் படம் போட்டான். கொத்தனார் கம்பி வெட்டினார்.

கல்லறைத் திருநாளன்று மேர்சி குழுவில் படம் அனுப்பினாள். சிமெண்ட் வள்ளம், பதினேழரை அடிப் பாய்மரம், அதன் அடியில் கண்ணாடிக் கூட்டுக்குள் அணையாமல் ஒரு மெழுகுதிரி. பாய்க்கு என்ன நிறம் என்று கொத்தனாரிடம் சொல்ல நாங்கள் எல்லோருமே மறந்துவிட்டோம். அவர் மாதாவின் அங்கிக்கு அடிக்கும் நீலத்தைப் பாய்க்கும் அடித்திருந்தார்.

படத்தை மூவரும் பார்த்துவிட்டோம் என்று கைபேசி காட்டியது. "பாய் நீலமில்லலே" என்று யாராவது ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த ஒரு வரியை வைத்து இன்னும் பத்து நாள் சண்டை போட்டிருக்கலாம். சகாயம் எழுதவில்லை, அந்தோணி எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குழுவில் ஒன்றும் வரவில்லை.