பால் வேண்டாம் என்று சொன்ன வீடு

சேலத்து டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பால்ல இருக்கற சர்க்கரைய ஒடைக்க குடல்ல லாக்டேஸ்னு ஒரு நொதி இருக்குதுங்க, டீச்சர். உங்களுக்கு அது கொறஞ்சு போச்சு. பயப்பட ஒண்ணுமில்ல, பாலை மட்டும் விட்டுடுங்க," என்றார். இரண்டு வருடமாக வயிறு உப்பி, மலைப்பாதை வளைவுகளில் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததற்கு இவ்வளவுதான் காரணம். பாலை விடுவது கஷ்டமாக இல்லை. ஒவ்வொருவரிடமும் விளக்குவதுதான் அலுத்துப்போனது.

காப்பிப்பழம் பறிக்கும் மாதங்களில் எங்கள் பள்ளியில் பாதி பெஞ்சு காலியாகிவிடும். வராத பிள்ளைகளைத் தேடிச் சாயங்காலம் நடப்பேன். ஒருநாள் தலைச்சோலை என்ற மலைக்கிராமத்தில் மூன்றாவதாக ஒரு வீட்டுக்குப் போனேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி இரண்டு வாரமாக வரவில்லை. எஸ்டேட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அவள் அம்மா, பக்கத்து வீட்டில் பால் வாங்கிவந்து காய்ச்சி டம்ளரை நீட்டினார்.

"வேண்டாங்க," என்றேன். காரணம் சொல்லத் தெம்பில்லை.

அவர் முகம் இறுகியது. டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க ஊட்டுல எல்லாம் நீங்க குடிப்பீங்களாங்க," என்றார். கேள்வி மாதிரிகூட இல்லை.

உடம்பு கூசிவிட்டது. டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். அவர் முகம் தெளிந்தது. மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். அரைமணி நேரத்தில் என் வயிறு இரைந்த சத்தத்தில் அந்தச் சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெட்கத்தை விட்டுக் கழிப்பறை எங்கே என்று கேட்டேன். அவரே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏனுங்க டீச்சர், இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? நானு என்னென்னமோ நெனச்சுப்போட்டேன்," என்று கடிந்துகொண்டார். அப்புறம் வெல்லம் போட்டு வரக்காப்பி கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

திங்கட்கிழமை மகளை அனுப்புவதாகச் சொன்னார். புதன்கிழமைதான் வந்தாள். பொங்கல் கழிந்து மறுபடி நின்றுவிட்டாள். கால் வலியோடு நானும் மறுபடி கிளம்பினேன்.