வீட்டு இலக்கம் கட்டாயம்

கேகாலைத் தோட்ட மக்கள் புது வீடு கேட்டு விண்ணப்பிக்க, எங்கள் அலுவலகத்தில் இணையதளம் ஒன்றை உருவாக்கினோம். சோதித்துப் பார்க்க, லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் இலக்கமில்லாத ஓர் அறையில், குடியிருக்கும் ரப்பர் பால் வெட்டும் அக்கா ஒருவரை அழைத்து வந்தேன். 'வீட்டு இலக்கம், வீதியின் பெயர் கட்டாயம்' என்ற இடத்தில், போன் திரையில் அவர் விரல் நின்றது. அதெல்லாம் இருந்தால் அவர் ஏன் விண்ணப்பிக்கிறார்?

உதவாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் சோதனை என்று, கூட நின்ற எங்கள் அதிகாரிக்கு முன்பே சொல்லியிருந்தேன். தோட்டத்து ஆட்களின் படிவங்களைத் தானே நிரப்பிப் பழகிய அந்த மகாராசாவுக்குப் பொறுக்குமா? "இங்க குடுங்க" என்று போனைப் பிடுங்கி, தன் வீட்டு முகவரியை அடித்து அனுப்பினார்.

"பாத்தீங்களா, எவ்வளவு லேசு! சோதனை வெற்றின்னு எழுதுங்க" என்றார் என்னிடம்.

அக்கா அதிகாரியைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப வீடும் சேருக்குத்தான் கெடைக்குங்களா?"