ஜெபத்தை முடிக்கும் மேளம்

கப்லியானாவுக்கும் எனக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஐஸ்வாலில் எங்கள் தெருச் சபையில் பாட்டின் ஒவ்வொரு வரியையும் முன்னால் சொல்லிக் கொடுப்பவள் நான், மேளம் அடிப்பவர் அவர். நான் வரியைச் சொல்லி, மூச்சு வாங்கி, மூக்கைத் துடைத்து நிமிர்ந்தாலும் அவருடைய அடுத்த அடி வந்து சேராது. லுங்லேய் ஊருக்கு சுமோ வண்டி ஓட்டுகிற மனிதர். மலைப்பாதையில் பறப்பார், மேளத்தடியை எடுத்தால் மட்டும் ஆமை. கேட்டால், "பாட்டுக்குப் பின்னால லாரி ஒண்ணும் வரல தன்பாரி, மெதுவாப் போ" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஜெபம் என்று வந்துவிட்டால் அவரை மிஞ்ச ஆளில்லை. பாட்டு ஓய்ந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்போம். பக்கத்தில் ஒருத்தி மகனுக்கு வேலை கேட்பாள், பின்னால் ஒருவர் மூட்டுவலியை முறையிடுவார். அந்த இரைச்சலை முடித்துவைப்பது போதகர் இல்லை, மேளம். கப்லியானா ஓர் அடி போடுவார், எல்லாரும் அடுத்த பாட்டுக்கு வந்துவிடுவோம். கேட்டதெல்லாம் கேட்டு, அழுததெல்லாம் அழுது, மனசு லேசாகும் நேரத்தில் சரியாக அந்த அடி விழும். பரிசுத்த ஆவியானவர் அவர் காதில் சொல்கிறார் என்றே தெரு முழுக்க நம்பியது.

அவர் மனைவி ரோகிமி ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் உண்மையை உடைத்தாள். "ஆவியானவரும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. அவரு என்னையே பாத்துக்கிட்டு இருப்பாரு. எல்லாரும் அழுது முடிச்சாச்சான்னு நான் சுத்திப் பாப்பேன். முடிஞ்சிருந்தா சால்வையை இழுத்துத் தோள்ல போடுவேன், அவரு அடிப்பாரு. அடுப்புல பன்னிக்கறி இருந்தா மட்டும் கொஞ்சம் சீக்கிரமா இழுத்துருவேன்."

ஒரு தெருவின் ஜெபமே இவள் அடுப்பை நம்பி நடந்திருக்கிறது! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது. துக்க வீட்டில் வேறொருவர் மேளம் அடிக்க நாங்கள் பாடினோம். அதற்குப் பிறகும் கப்லியானா மேளத்தைத் தொடவில்லை. கை வரவில்லை என்றார். இந்த ஞாயிறும் வராவிட்டால் கீபோர்டு வாசிக்கும் பையன்களிடமே விட்டுவிடலாம் என்று சபை மூப்பர் வருத்தத்தோடு சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பையன்கள் நான் வாயைத் திறக்கும் முன்பே பாட்டை முடித்துவிடுவார்கள். நேரே அவர் வீட்டுக்குப் போனேன். சுத்தமாக இருந்த சுமோவைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வந்தா வாங்கண்ணே. இல்லன்னா மேளத்தை நானே மலையிலருந்து உருட்டி விட்டுருவேன்" என்றேன்.

வந்தார். பாட்டு நன்றாகவே போனது, வழக்கம்போல ஆமைவேகத்தில். பிறகு ஜெபம் தொடங்கியது. தொடங்கியது முடியவே இல்லை. மகனுக்கு வேலை கேட்டவள் அவனுக்குப் பெண்ணும் கேட்டு, பேரனும் கேட்டுவிட்டாள். மூட்டுவலிக்காரர் அடுத்த காலுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் பசியில் சிணுங்கின. மேளம் விழாமல் ஜெபத்தை நிறுத்த எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை, போதகருக்கும்தான்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். கப்லியானா தடியை ஓங்கியபடி நின்றார். பார்வை மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் இருந்தது. அது ரோகிமியின் இடம். நெருக்கியடித்து உட்கார்ந்தபோதும் அங்கே மட்டும் யாரும் உட்காரவில்லை.

பாவி மனுஷன், எப்போது அடிப்பது என்று தெரியாமல் நிற்கிறார். எழுந்து போய் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார். சால்வையில் கை வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் எப்போதோ முடித்துவிட்டார்கள், வெறும் வாய்தான் அசைந்துகொண்டிருந்தது. ஒரே ஓர் ஆள்தான் பாக்கி. துக்க வீட்டில்கூட அழாத கப்லியானா, மேளத்தின் மேல் குனிந்து அப்போதுதான் அழத் தொடங்கினார்.

காத்திருந்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்ததும் சால்வையை இழுத்துத் தோளில் போட்டேன். அடி விழுந்தது.

இப்போதெல்லாம் நான் வரி சொல்வது மூன்றாம் பெஞ்சிலிருந்துதான். அவர் இன்னும் ஆமைதான், எங்கள் சண்டையும் ஓயவில்லை. ஆனால் அடுப்பில் கறியே தீய்ந்தாலும் நான் சால்வையைச் சீக்கிரம் இழுப்பதில்லை.